குரலை அழிக்காமல் கேட்க: பழைய ரேப் றெக்கோடரின் சுவிச் பிழைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, வீதியோரக் கொட்டகைகளில் நாம் பார்ப்பவை புகைப்படங்கள். குரல்களை யாரும் ஏந்தி நிற்க முடியாது. ஆனால் சில வீடுகளில் குரல்களும் இருக்கின்றன. தொலைபேசி கிடைக்காத காலத்தில் வெளிநாட்டிலிருந்த மாமாவுக்கும் அண்ணாவுக்கும் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் கதைத்து அனுப்பினோம். சாமத்திய வீட்டிலும் பேச்சுப்போட்டியிலும் பதிவு செய்தோம். இடம்பெயர்வுகளில் துலைந்தவை போக, மிஞ்சிய கசற்றுகள் அலுமாரிக்குள் கிடக்கின்றன.

செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "இதைக் கேட்க வழி இருக்கோ?" என்பது. வழி இருக்கிறது. ஆனால் இருபது வருடமாகத் தொடாத பெட்டிக்குள் அந்தக் கசற்றை உடனே போடக்கூடாது. அந்தப் பெட்டியில் ஒரு சுவிச் இறுகியிருந்தால், கேட்கப்போகும் குரலை அதுவே அழித்துவிடும். ஏன் அப்படி நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை யாழ்ப்பாணத்தில் நீண்ட காலமாக ரேடியோ திருத்தும் ஐயா ஒருவரிடம் பல நாட்கள் இருந்து கேட்டறிந்தேன்.

ஒரே பெட்டி, இரண்டு வேலை

சாதாரண ரேப் றெக்கோடரில் பதிவதற்கும் கேட்பதற்கும் தனித்தனிச் சுற்றுகள் இல்லை. ஒரே அம்பிளிபயர்தான் இரண்டையும் செய்கிறது. எந்த வேலை என்பதைத் தீர்மானிப்பது, சுற்றுப் பலகையில் இருக்கும் நீளமான தள்ளு சுவிச். பிளே பட்டனை மட்டும் அழுத்தினால் நாடாவைத் தொடும் ஹெட் அம்பிளிபயரின் உள்வழிக்கும், ஸ்பீக்கர் வெளிவழிக்கும் இணைகின்றன. றெக்கோட் பட்டனையும் அழுத்தினால் ஒரு நெம்பு அந்தச் சுவிச்சைத் தள்ளும். அப்போது மைக் உள்வழிக்கு வரும், ஹெட் வெளிவழிக்குப் போகும். கூடவே, பழைய பதிவை அழிக்கும் சிறிய ஹெட்டும் வேலை செய்யத் தொடங்கும்.

பட்டனை விட்டதும் ஒரு ஸ்பிரிங் சுவிச்சைத் திரும்ப இழுக்க வேண்டும். கிறீஸ் காய்ந்து இறுகியிருந்தால் அது பதியும் பக்கத்திலேயே நின்றுவிடும். மலிவான பெட்டிகளில் அழிக்கும் ஹெட் ஒரு சிறிய நிரந்தரக் காந்தம். அதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை, நாடாவில் முட்டி நின்றாலே போதும்.

கசற்றின் முதுகில் இருக்கும் சிறிய பிளாஸ்ரிக் பற்களை உடைத்துவிட்டால் பதிவு அழியாது என்று பலர் நம்புகிறார்கள். உடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பல் தடுப்பது றெக்கோட் பட்டன் கீழே இறங்குவதை மட்டுமே. உள்ளே ஏற்கெனவே இறுகி நிற்கும் சுவிச்சை அது தடுக்காது.

முதலில் பாட்டுக் கசற்

"பிள்ளை, முதல்லை ஒரு பாட்டுக் கசற்றை அழிய விடு. அது அழியாட்டித்தான் மற்றதைப் போடலாம்" என்றார் ஐயா. முழுச் சோதனையும் இதுதான். தேவையில்லாத பாட்டுக் கசற் ஒன்றை இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பின்னுக்குச் சுற்றி, அதே இடத்தைத் திரும்பக் கேளுங்கள். பாட்டு மங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ, வெறுமையானாலோ அந்தப் பெட்டி நாடாவைக் கெடுக்கிறது. திருத்தும் வரை வேறு கசற் போட வேண்டாம்.

மோட்டார் சுற்றாவிட்டால்

பெட்டியை நேரடி மின்சாரத்தில் இணைத்துத் திறக்காதீர்கள். 230 வோல்ற் ஆளைக் கொல்லும். வயரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் சோதியுங்கள். முதலில் பற்றரி அறையைப் பாருங்கள். பற்றரி கசிந்து ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும்.

அடுத்தது துளைகள். அடப்ரர் செருகும் துளைக்குள் ஒரு தகடு இருக்கிறது. அடப்ரரைச் செருகினால் அது பற்றரியைத் துண்டிக்கும். அந்தத் தகட்டில் கறள் பிடித்தால் அடப்ரரில் பாடும் பெட்டி பற்றரியில் பாடாது. இயர்போன் துளையும் அப்படித்தான். இயர்போனில் சத்தம் வந்து ஸ்பீக்கரில் வராவிட்டால் பிழை அங்கே இருக்கலாம். மைக் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ரிமோட் துளை மோட்டாரையே நிறுத்தக்கூடியது. பொருத்தமான பிளக்கைப் பத்து முறை செருகி இழுத்தால் தகடு உரசிச் சுத்தமாகும். பாதிப் பிழைகள் இதோடு தீர்ந்துவிடும் என்பது ஐயாவின் அனுபவம்.

அதற்கும் சரிவராவிட்டால் பிளே பட்டனுக்குக் கீழே இருக்கும் தகட்டுச் சுவிச்சைப் பாருங்கள். இரண்டு மெல்லிய செப்புக் கலப்புத் தகடுகள், பட்டனை அழுத்தும்போது ஒன்றையொன்று தொடும். பற்றரிகளைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்து இரண்டு தகட்டிலும் பிடியுங்கள். தொடும்போது பூச்சியத்துக்குக் கிட்ட, ஆடாமல் நிற்க வேண்டும். 10 ஓம் காட்டினால் சின்னப் பிழை என்று விடாதீர்கள். மோட்டார் 0.1 அம்பியர் இழுத்தால் அந்த இடத்திலேயே 1 வோல்ற் போய்விடும். நான்கு பற்றரி தரும் 6 வோல்ற்றில் அது ஆறில் ஒரு பங்கு. சுத்தமான தடித்த கடதாசித் துண்டை அற்ககோலில் நனைத்துத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, மெல்ல அமர்த்தி இழுங்கள். அரத்தாள் வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் கறள் இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

90களின் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவில் பாடிய பெட்டி என்றால் இன்னொரு கவனமும் தேவை. அப்போது நேரே ஒட்டிய வயர்கள் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். சக, சய மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மின் கொடுங்கள்.

கரகரப்பும் ஊளையும்

மோட்டார் சுற்றுகிறது, சத்தம் மட்டும் விட்டு விட்டு வருகிறது, பெட்டியைத் தட்டினால் திரும்புகிறது என்றால், அது தள்ளு சுவிச்சின் தொடுகைகள் கறுத்திருப்பதன் அடையாளம். பெட்டி ஊளையிட்டால் சில தொடுகைகள் பதியும் பக்கத்திலும் சில கேட்கும் பக்கத்திலும் நிற்கலாம். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் உயிர் பெறுவதால் வரும் சத்தம் அது. இந்த நிலையில் நல்ல கசற் போடவே கூடாது.

மின்னைத் துண்டித்து, தொடுகைகளைச் சுத்தமாக்கும் ஸ்பிரேயைச் சுவிச்சின் வாயில் சிறிதளவு அடியுங்கள். பல் உடைக்காத பழைய கசற் ஒன்றைப் போட்டு, றெக்கோட்டையும் பிளேயையும் சேர்த்து இருபது, முப்பது முறை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் சுவிச் முழுதாகத் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். தையல் மெசின் எண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம், தூசி ஒட்டிச் சில மாதங்களில் நிலைமை மோசமாகும். ஸ்பிரே காய்ந்ததும் பாட்டுக் கசற் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். திருத்திய பெட்டியையும் அதில் தேறும் வரை நம்ப வேண்டாம்.

ஒருமுறை கேட்பது, அப்போதே பிரதி எடுப்பது

கசற்றின் கண்ணாடி வழியே பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் போடாமல் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். மண்ணுக்குள் புதைத்து எடுத்தவற்றில் இது அதிகம். மற்றவற்றின் இரண்டு பற்களையும் உடைத்துவிட்டு, பென்சிலால் மெல்லச் சுற்றி நாடா இறுகாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஹெட்டையும் றப்பர் உருளையையும் துடைத்து வையுங்கள்.

30 நிமிடப் பக்கம் ஒன்றில் இருப்பது சுமார் 86 மீற்றர் நாடா. அது எத்தனை முறை தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் முதல் முறை கேட்கும்போதே இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு வயர் இணைத்துப் பதியுங்கள். வேவ் கோப்பாக வையுங்கள். ஒற்றை ஒலித்தடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 320 மெகாபைற் வரும். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். யார் பேசுகிறார்கள், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்று முதியவர்கள்.

முல்லைத்தீவில் ஓர் அம்மா, மகனின் குரல் உள்ள கசற்றை நாடா அறுந்துவிடும் என்ற பயத்தில் ஒருமுறைகூடப் போடாமல் வைத்திருக்கிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேசாமல் அலுமாரியில் வைத்திருப்பதும் பாதுகாப்பல்ல, எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் நாடா தானாகவே பழுதாகும். ஒரு பாட்டுக் கசற், கொஞ்சம் அற்ககோல், ஒரு மல்ரிமீற்றர், பொறுமையாக ஒரு பின்னேரம். ஊரில் ரேடியோ திருத்துபவர் இன்னும் இருந்தால் அவரிடம் இப்போதே போங்கள்.