மண்டை ஓடும் நீர்க்குமிழியும்

பணிக்காலம் முழுவதும் நான் பார்த்த படங்கள் ரயில்வே பாலங்களின் வரைபடங்களே. ஓவியம் பற்றி எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. காரணம் என் பேரன். நூலகப் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, இந்த ஆள் கையில மண்டை ஓடு எதுக்கு?" என்றான். பதில் தெரியவில்லை, தேடிப் படித்தேன்.

அது 1626-28இல் ஹாலந்து ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தது. லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. தொப்பியில் சிவப்பு இறகு, கையில் மண்டை ஓடு!

17ஆம் நூற்றாண்டில் கடல் வணிகத்தால் ஹாலந்து செழித்தது. அங்கே புராட்டஸ்டண்ட் சமயம் வேரூன்றியபின் தேவாலயங்களில் படங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஓவியர்களை ஆதரித்தவர்கள் பெரும்பாலும் வசதியான நகரவாசிகள். அவர்களுக்குத் தம் உருவத்தைச் சுவரில் மாட்டும் ஆசையும் இருந்தது. தற்பெருமை பாவம் என்ற அச்சமும் இருந்தது. எனவே சிலர் தம் படத்திலேயே நிலையாமையின் அடையாளம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். மண்டை ஓடு மரணம்; மணற்கடிகாரம் கரையும் காலம்; அணைந்த மெழுகுவர்த்தி முடிந்த ஆயுள்; மலர் வாடும் அழகு. நீர்க்குமிழிக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. இவ்வகை ஓவியத்துக்கு 'வானிட்டாஸ்' என்று பெயர். லத்தீனில் வெறுமை என்று பொருள்.

லெய்டன் நகரின் லாக்கன்ஹால் அருங்காட்சியகத்தில் உள்ள, டேவிட் பைலி 1651இல் வரைந்த ஓவியம்தான் என்னை உலுக்கியது. மேசைமேல் மேற்சொன்ன பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. காற்றில் குமிழிகள் மிதக்கின்றன. அருகே ஓர் இளைஞன், ஒரு முதியவரின் சிறிய படத்தைப் பிடித்திருக்கிறான். தகப்பனாராக்கும் என்று நினைத்தேன். இல்லை, இருவரும் பைலியே என்கிறார்கள் அறிஞர்கள். வரைந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். உயிரோடு உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும் இளைஞன்தான் மறைந்துபோனவன்; படத்துக்குள் படமாக இருப்பவரே அன்றைய பைலி.

எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு புகைப்படம் உண்டு. 24 வயதில், பாலம் கட்டும் இடத்தில், தியோடலைட் அருகே நான். "இது யாரு தாத்தா?" என்று பேரன் ஒருமுறை கேட்டிருக்கிறான். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஓய்வு பெற்ற நாளில் நண்பர்கள் எனக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வேலையே போனபின் மணி எதற்கு என்ற கோபத்தில் அதைப் பெட்டியைவிட்டு எடுக்கவே இல்லை. சென்ற வாரம் எடுத்து, அந்தப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

"இப்பவாவது மாட்டினீங்களே!" என்றாள் என் மனைவி.