துப்பாக்கி வாங்கும் முன்

மெர்சிங் வட்டாரத்தில், மான் வேட்டைக்கு முதன்முதலாக எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்று இளைஞர்கள் நம்மைக் கேட்பதுண்டு. புதியவருக்கு ஏற்றது, மடித்துத் திறக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. தோட்டா உள்ளே இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். கள்ளத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். குழல் வெடித்தால் சுட்டவர் கைதான் போகும்.

எதை வாங்கினாலும், 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். உரிமமின்றி வைத்திருப்போருக்கு, 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு.

துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகிவிடாது. ரூசா மான்கள் அருகியதால், 2009-இல் தீபகற்பத்தில் அவற்றின் வேட்டை நிறுத்தப்பட்டது. எண்டாவ்-ரொம்பின் காட்டுப் புலிக்கும் அந்த மான் இரையாகிறது. ஆகவே கடைக்குப் போகுமுன், போலீஸ் நிலையத்திலும் பெர்ஹிலித்தான் அலுவலகத்திலும் கேட்டறிவோம்.