மண்ணில் டன் கணக்கில் இரும்பு... பயிருக்கு மட்டும் பற்றாக்குறை!

நிலக்கடலையின் இளம் இலைகள் மஞ்சளாகின்றனவா? யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் இலையை உற்றுப் பாருங்கள். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனி இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால், அது இரும்புச்சத்துக் குறைவு. இதற்கு யூரியா போட்டால் பணம்தான் வீண்.

செம்மண்ணின் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடால்தான் வருகிறது. சிவப்புக்கு ஹேமடைட், மஞ்சள் கலந்த பழுப்புக்கு கோதைட் என்ற கனிமம் காரணம். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் சுமார் 8 லட்சம் கிலோ. அதில் 3 சதவீதம் இரும்பு என்றாலும் 24 டன்! ஆனால், இதில் பெரும்பகுதி துருவாக இறுகிக் கிடக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது கரைவதே அரிது. நீர் கட்டிய நெல் வயலில் காற்று குறைவதால் துரு கரைந்து பயிருக்குக் கிடைக்கிறது. காய்ந்த நாற்றங்காலில் நாற்று வெளிறுவது இதனால்தான்.

எனவே, மொத்த இரும்பை அளப்பதில் பயனில்லை. கடும் அமிலம் துருவையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஆய்வகத்தில் 10 கிராம் மண்ணை 20 மில்லி டிடிபிஏ கரைசலில் 2 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, வேருக்கு எட்டும் இரும்பை மட்டும் அளக்கிறார்கள். இது சாதாரண மண்ணில் 3.7 பிபிஎம், சுண்ணாம்பு மண்ணில் 6.3 பிபிஎம் அளவுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை.

மாதிரி எடுக்கும்போது கவனம் தேவை. மண்வெட்டியால் 'வி' வடிவில் குழி வெட்டியதும், மண்வெட்டி பட்ட மண்ணை மூங்கில் பட்டையால் சுரண்டி நீக்கிவிட்டு, உள் மண்ணை எடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் சேகரியுங்கள். துருப்பிடித்த தகர வாளி முடிவையே மாற்றிவிடும்.

குறைவு உறுதியானால், 10 லிட்டர் நீரில் 100 கிராம் அன்னபேதி உப்பும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலையில் இலைவழியாகத் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் 2 அல்லது 3 முறை தெளிக்கலாம். அடியுரமாக இடுவதானால், ஏக்கருக்கு 20 கிலோவைத் தொழுவுரத்துடன் கலந்து இடலாம்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் அது மீண்டும் துருவாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதுதான் உங்கள் மண்ணில் ஏற்கெனவே டன் கணக்கில் கிடக்கிறதே!