மின்கட்டணத்தில் இடம்பெறாத செலவு

நுழையும்முன்

மின்விளக்கும் மின்விசிறியும் இல்லாத ஒரு நாளை இன்று எண்ணிப் பார்ப்பதே அரிது. பயன்படுத்தும் மின்சாரத்திற்கு நாம் கட்டணம் செலுத்துகிறோம். ஆனால், அக்கட்டணத்தில் அடங்காத செலவொன்றை மண்ணும் நீரும் காற்றும் ஏற்கின்றன. அச்செலவை அறியச் செய்கிறது இப்பாடம்.

ஒரு யூனிட் மின்சாரம்

ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணிநேரம் இயங்கும்போது செலவாகும் மின்னாற்றலே ஒரு யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறி பதின்மூன்று மணிநேரத்திற்குச் சற்று அதிகமாகச் சுழன்றால் ஒரு யூனிட் செலவாகிவிடும். நிலக்கரியை எரித்து அந்த ஒரு யூனிட்டைப் பெறும்போது, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எரிபொருள் தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாகிறது. எஞ்சியது வீணே வெளியேறுகிறது.

நெய்வேலி: மண்ணும் நீரும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1930களில் கிணறு வெட்டியபோது கருநிறப் பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. அதனை வெட்டியெடுக்க 1956இல் பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது. தமிழகத்தின் தொழில் வளர்ச்சியில் நெய்வேலியின் பங்கு பெரிது.

அப்பங்கிற்கு மண் தந்த விலையும் பெரிது. ஒரு டன் பழுப்பு நிலக்கரியைப் பெற, அதன்மேல் படிந்துள்ள மண்ணை ஐந்து கன மீட்டருக்கும் மேலாக அகற்ற வேண்டும். அம்மண்ணின்மீதுதான் வயல்களும் தோப்புகளும் வீடுகளும் இருந்தன. அங்கு வாழ்ந்தோர் இடம்பெயர நேர்ந்தது. வெட்டிய பள்ளங்களை நிரப்பி மரங்கள் நடப்படுகின்றன. எனினும், உழவர் தலைமுறை தலைமுறையாகப் பண்படுத்திய மேல்மண்ணின் வளம் விரைவில் திரும்புவதில்லை.

கரிப்படுகையின் அடியில் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்துடன் தேங்கியுள்ளது. மேலுள்ள மண்ணின் சுமை நீங்கியதும் அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்து பொங்கக்கூடும். அதனைத் தடுக்க இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைக்கப்படும் நீரில் ஒரு பகுதி மின்னுற்பத்திக்கும் பாசனத்திற்கும் பயன்படுவது உண்மையே. ஆயினும், குழாய் இறக்கினாலே நீர் தானாகப் பொங்கிய இடங்களில் இன்று ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் தேவைப்படுகின்றன.

எண்ணூர்: சாம்பலின் சுமை

சுரங்கம் இல்லாத ஊரிலும் இச்செலவு வேறு வடிவில் தோன்றும். சென்னைக்கு வடக்கே எண்ணூரை அடுத்துள்ள வடசென்னை அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி கப்பலில் வந்து சேர்கிறது. இந்திய நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்தபின் சாம்பலாக எஞ்சுகிறது. நீருடன் கலந்து குழாய்வழியே கொண்டுசெல்லப்பட்ட சாம்பல், கசிவுகளால் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்திலும் படிந்தது. சாம்பல் படியப் படிய நீரின் ஆழம் குறைகிறது. இறாலும் நண்டும் பிடித்து வாழும் மீனவர்களின் பிழைப்பும் அதனுடன் சுருங்குகிறது. சிமெண்ட், செங்கல் ஆகியவற்றின் உற்பத்தியில் சாம்பலைப் பயன்படுத்துவது இச்சுமையைக் குறைக்கும் நல்வழியாகும்.

தெரிந்து தெளிவோம்

நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் இயங்கும் 75 வாட் மின்விசிறிக்கு மாற்றாக 30 வாட் மின்விசிறியைப் பொருத்தினால், ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கும் மேல் மிச்சமாகும்.

நம் கடமை

தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படும் மின்சாரத்தில் முதல் 100 யூனிட்டுகளுக்குக் கட்டணம் இல்லை. எளிய குடும்பங்களுக்கு இஃது உதவியே. ஆனால், கட்டணம் இல்லை என்பதனால் செலவே இல்லை என்று பொருளாகாது.

காற்றாலை மின்சாரத்தில் தமிழகம் இந்திய அளவில் முன்னணியில் உள்ளது. எனினும், காற்று ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வீசுவதில்லை; கதிரவன் இரவில் ஒளிர்வதில்லை. அவ்வேளைகளில் நிலக்கரியின் தேவை இன்னும் நீங்கவில்லை. மேலும், மின்கம்பிகளின் வழியே வரும்போது மின்சாரத்தின் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. ஆதலின், வீட்டில் சேமிக்கும் ஒரு யூனிட், மின்நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கும் மேற்பட்ட உற்பத்தியைத் தவிர்க்கிறது.

மின்சாரத்தைத் துறந்து வாழ்வது நம் நோக்கமன்று. அளவறிந்து பயன்படுத்துவதே நோக்கம். ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துவது சிக்கனம் மட்டுமன்று. நெய்வேலியின் உழவருக்கும் எண்ணூரின் மீனவருக்கும் நாம் செய்யும் நீதியுமாகும்.