ஹாமில்டன் மலையில் ஏறி இறங்கும் தரை

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகருக்குக் கிழக்கே ஹாமில்டன் மலை. உயரம் சுமார் 4,200 அடிதான். ஆனால் வானியலுக்கு உயரத்தைவிடக் காற்று முக்கியம். பசிபிக்கின் குளிர்ந்த நீர்மேல் குளிரும் காற்று, கனத்துப்போய் மூடுபனியோடு பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். உச்சியில் காற்று கலங்காமல் சீராக ஓடும். நட்சத்திரம் அதிகம் சிமிட்டாது. மூடுபனி நகர விளக்குகளையும் மறைத்துவிட்டால் வானியலாளர்களுக்கு அன்று கொண்டாட்டம்!

பியானோ செய்தும் நிலம் வாங்கியும் பணக்காரரான ஜேம்ஸ் லிக், முதலில் தன் நினைவாக ஒரு பிரமிடு எழுப்ப நினைத்தவர். நல்லவேளை, மனம் மாறி 7 லட்சம் டாலரைத் தொலைநோக்கிக்கு எழுதிவைத்தார். 1876இல் இறந்த அவரது உடல் அந்தத் தொலைநோக்கித் தூணின் அடியில்தான் இருக்கிறது. 1888இல் லிக் வான்நோக்ககம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது.

அப்போது உலகிலேயே பெரிய லென்ஸ் தொலைநோக்கி அங்கிருந்ததுதான்: லென்ஸின் விட்டம் 36 அங்குலம், குழாயின் நீளம் 57 அடி. குழாய் நடுவில் தாங்கப்பட்டிருப்பதால் மேல்முனை உச்சிவானைப் பார்க்கும்போது கண் வைக்கும் முனை தரைக்கருகே தாழும். மேல்முனை அடிவானத்தை நோக்கினால் கண் வைக்கும் முனை பல அடி உயரே போய்விடும். இருட்டில் ஏணியில் தொற்றிக்கொண்டா இரவெல்லாம் பார்ப்பது? அயர்லாந்தின் தொலைநோக்கித் தயாரிப்பாளர் ஹோவர்ட் கிரப் சொன்ன யோசனைப்படி, மண்டபத்தின் தரையையே தண்ணீர் விசையால் ஏறி இறங்கும்படி அமைத்தார்கள். ஆளைத் தேடி லிஃப்ட் வருவதுபோல, முழுத் தரையும் கண்வில்லையைத் தேடிப் போகும்.

1892 செப்டம்பரில் இதே தொலைநோக்கியில் வானியலாளர் எட்வர்ட் பர்னார்ட் வியாழனைப் பார்வைக்குச் சற்று வெளியே ஒதுக்கி, அதன் கூசும் ஒளிக்கருகே மங்கிய புள்ளியொன்றைப் பிடித்தார். 1610இல் கலிலியோ கண்ட நான்குக்குப் பிறகு வியாழனுக்குக் கிடைத்த ஐந்தாவது துணைக்கோள், அமல்தியா. புகைப்படமில்லாமல், கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கப்பட்ட கடைசித் துணைக்கோளும் அதுவே.

லென்ஸை விளிம்பில் மட்டும்தான் தாங்க முடியும். பெரிதானால் தன் எடையிலேயே வளையும். ஆகவே 1959இல் இங்கே வந்த ஷேன் தொலைநோக்கிக்கு லென்ஸ் இல்லை, பின்புறமும் தாங்கக்கூடிய 120 அங்குல ஆடிதான். கீழே நகரம் வளர்ந்து வானம் வெளுத்தபோது, 1980 வாக்கில் சான் ஹோசே தெருக்களுக்குச் சோடியம் விளக்குகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றின் மஞ்சள் ஒளி ஏறக்குறைய ஒரே அலைநீளம், வடிகட்டுவது சுலபம். அதே மஞ்சளில்தான் பின்னர் ஷேனிலிருந்து லேசரும் பாய்ந்தது. சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இயற்கையாகவே உள்ள சோடியம் அணுக்களை அது ஒளிரவைக்கும். அந்தப் போலி நட்சத்திரம் எப்படி நடுங்குகிறது என்பதை அளந்து, வளையும் சிறு ஆடியொன்று காற்றின் கோளாறை உடனுக்குடன் திருத்துகிறது. குறுக்கே விமானம் வந்தால் மட்டும் லேசரை அணைத்தாக வேண்டும்.