கறிவேப்பிலைப் புழுவின் கொம்பு

கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ மேயும் தடித்த பச்சைப் புழுவை ஓர் ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குச் சற்றுப் பின்னாலிருந்து கவையாய்ப் பிரிந்த சிவந்த கொம்பு ஒன்று சட்டென்று நீளும். கூடவே குப்பென்று ஒரு நெடி. தொட்ட பக்கம் உடம்பை வளைத்து, ஈரமான அந்தக் கொம்பைக் குச்சியில் தேய்க்கவும் பார்க்கும். தொந்தரவு நின்றதும் கொம்பு உள்ளே போய்விடும். இருந்த சுவடே தெரியாது.

இது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கொம்பின் பெயர் ஆஸ்மெட்டீரியம். அழகிகள் எனப்படும் வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தின் புழுக்களுக்கே உரிய சுரப்பி அது. மற்ற நேரத்தில் மார்பின் முதல் கண்டத்துக்குள் மடங்கிக் கிடக்கும். உடல்நீரை அழுத்தி அதை வெளியே தள்ளும் புழு, தசைகளைச் சுருக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறது.

1965இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னரும் இவோன் மெய்ன்வால்டும் இதே பேரினத்துப் புழு ஒன்றின் சுரப்பைப் பகுத்து, அதில் ஐசோபியூட்ரிக் அமிலமும் 2-மெத்தில்பியூட்ரிக் அமிலமும் இருப்பதைக் காட்டினார்கள். ஊசிப்போன வெண்ணெயின் வாடை கொண்ட அமிலங்கள் இவை. எனக்கு அதைவிட வியப்பு, வயதுக்கேற்ப இந்தச் சுரப்பு மாறுவதுதான். நான்கு முறை தோலுரிக்கும் இப்புழு, கடைசித் தோலுரிப்பு வரை பார்ப்பதற்குப் பறவை எச்சம்தான். அப்போது சுரப்பில் டெர்பீன் வகைச் சேர்மங்களே மிகுதி. கடைசித் தோலை உரித்துப் பச்சையானதும் அமிலங்கள் மேலோங்கிவிடுகின்றன.

நெடிக்கு எறும்பும் சிறு சிலந்தியும் விலகும். பறவையிடம் அவ்வளவாகப் பலிக்காது. மனிதருக்கு ஒரு தீங்கும் இல்லை. அரிக்குமோ என்று பயந்து பலர் இதை நசுக்கிவிடுவது வேதனை தருகிறது. அரிப்பைத் தரும் மயிர்ப்புழுக்கள் பெரும்பாலும் அந்துப்பூச்சிகளுடையவை. நாலு கொத்து இலை போனாலும் செடி மறுபடி துளிர்க்கும், மருந்தடிக்காதீர்கள்.

அதே எறும்பைச் சமாளிக்க, நீலன்கள் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சிகள் நேரெதிர் வழியில் போயிருக்கின்றன. இவற்றில் பல இனப் புழுக்களின் வயிற்றுப் பகுதி ஏழாம் கண்டத்தில், முதுகுப் பக்கம் ஒரு சுரப்பி உண்டு. எறும்பு உணர்கொம்பால் தட்டினால் சர்க்கரையும் அமினோ அமிலமும் கலந்த துளி கசியும். அதைக் குடிக்கச் சூழ்ந்து நிற்கும் எறும்புகள், புழுவில் முட்டையிட வரும் குளவிகளை விரட்டுகின்றன. எட்டாம் கண்டத்தில் நீண்டு மடங்கும் இரு சிறு குழல்களும் பல இனங்களில் உண்டு. ஆபத்து நெருங்கினால் அவை வெளிவரும், காவல் எறும்புகள் பரபரத்து ஓடத் தொடங்கும்.