அனுமதி இலவசம்: வருகைக் கலைஞர்களின் பட்டறைகளும் நாமும்

‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்று விளம்பரப் பலகையில் ஓர் அறிவிப்பு. தமிழகத்திலிருந்து வந்திருக்கும் மிருதங்கக் கலைஞர் ஒருவர் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பட்டறை நடத்துகிறார். அன்றிரவு அவர் வாசிக்கும் கச்சேரிக்குக் கட்டணம் உண்டு. அதற்கு நுழைவுச்சீட்டு கிடைக்குமா என்று நண்பர்கள் அலைகிறார்கள். காலைப் பட்டறைக்கோ முதல் இரண்டு வரிசைகூட நிரம்புவதில்லை. வந்தவர்களிலும் சிலர் புறப்பாடப் புள்ளிக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்கதவைப் பார்த்தபடி இருப்பார்கள்.

வராத நண்பர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ‘எனக்கு வாசிக்கவும் தெரியாது, ஆடவும் தெரியாது. அங்கே போய் நான் என்ன செய்வது?’ இந்தக் கேள்விக்குத்தான் இக்கட்டுரை. தெரிந்தவர்களுக்கு வகுப்பு இருக்கிறது, குரு இருக்கிறார். தெரியாதவர்களுக்கு இருப்பது பட்டறைதான்.

பட்டறை என்ற சொல்லையே முதலில் பாருங்கள். கொல்லர் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் இடம் அது. தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்த நமக்கு மலாயில் ‘பெங்கெல்’ என்ற சொல் நன்கு தெரியும். மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கும் கடையும் பெங்கெல்தான், பயிற்சிப் பட்டறையும் பெங்கெல்தான். 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய நாடகக் குழுவுக்குக் ‘கூத்துப்பட்டறை’ என்று பெயர் வைத்தார். எத்தனை பொருத்தமான பெயர்! பட்டறையில் புகையும் இருக்கும், அரைகுறையாக வளைந்த இரும்பும் கிடக்கும். பளபளப்பான பொருளைக் காண வேண்டுமானால் கடைக்குப் போகவேண்டும்.

மேடைக் கச்சேரிதான் அந்தக் கடை. அங்கே கலைஞர் முடிந்த பொருளை நம் முன் வைக்கிறார். எப்படிச் செய்தேன் என்று சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. பட்டறையில் அவர் பொருளைப் பிரித்துக் காட்டுகிறார். தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கக் கலைஞர் எதையோ மூன்று முறை வாசிக்கிறார், சபையோர் கைதட்டுகிறார்கள், நாமும் தட்டுகிறோம். எதற்குத் தட்டினோம்?

சென்ற ஆண்டு நான் போன ஒரு பட்டறையில் இதைத்தான் விளக்கினார்கள். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம், வாத்தியம் வேண்டாம். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் ‘தகதிமி’ என்று நான்கு மாத்திரை சொல்லுங்கள். கடைசி நான்கு எண்ணிக்கைக்குள் 16 மாத்திரை அடங்கும். இப்போது ‘ததிங்கிணதொம்’ என்ற சொற்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். த, திங், கி, ண, தொம் என ஐந்து மாத்திரை. மூன்று முறை சொன்னால் 15. நமக்குக் கிடைத்த இடமோ 16. ஒரு மாத்திரை மிஞ்சுகிறது. அதை எங்கே வைப்பது?

கலைஞர் அரங்கத்தைப் பார்த்து இதையே கேட்டார். ஐந்தாம் எண்ணிக்கையில் ஒரு மாத்திரை மௌனமாக இருந்துவிட்டுத் தொடங்கலாம் என்றார் என் பக்கத்தில் இருந்த பொறியியல் மாணவர். சரி என்றார் கலைஞர். ‘வேறு வழி இல்லையா?’ என்று மறுபடியும் கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. மூன்று சொற்கட்டுகளுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன அல்லவா? அந்த ஒரு மாத்திரையை அரை அரையாகப் பிரித்து இரண்டு இடைவெளியிலும் போட்டுவிட்டால்? கணக்கு அதே 16தான். ஆனால் அவர் வாய்விட்டுச் சொல்லிக் காட்டியபோது தாளம் ஒரு நொடி நழுவுவதுபோல நழுவிச் சரியாகச் சமத்தில் வந்து விழுந்தது. சமம் என்பது தாளச் சுற்று மறுபடி தொடங்கும் முதல் தட்டு. நாங்கள் நாற்பது பேரும் கைத்தாளம் போட்டுச் சொல்லிப் பார்த்தோம். பாதிப் பேர் சமத்துக்கு முன்பே விழுந்தோம், மீதிப் பேர் தாண்டி விழுந்தோம். நான்காவது முறையில் ஏறக்குறைய சரியாக வந்தது.

அன்றிரவு கச்சேரியில் அதே உத்தி வந்தபோது மூன்றாவது ததிங்கிணதொம் முடியுமுன்பே என் கை சமத்துக்குக் காத்திருந்தது. முறையாக மிருதங்கம் கற்ற ஒருவருக்கு இது அரிச்சுவடி. எனக்கு அதுவரை மூடியிருந்த கதவு.

நடனப் பட்டறைகளிலும் இப்படித்தான். ‘வா’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, தாய் குழந்தையை அழைப்பதையும் கோபித்துக்கொண்ட தலைவி வேண்டாவெறுப்பாக அழைப்பதையும் ஒரே கையால் அபிநயித்துக் காட்டுவார்கள். கை மாறுவதில்லை, கண்தான் மாறுகிறது. பறையாட்டப் பட்டறை என்றால் தோலைத் தீயில் காய்ச்சி இறுக்குவதிலிருந்தே பாடம் தொடங்கிவிடும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி. இரண்டும் வெவ்வேறு ஓசை தருவதற்காகவே வெவ்வேறு அளவில் இருக்கின்றன என்பது கையில் பிடித்த பிறகுதான் புரியும்.

பேசிக்கொண்டே செய்து காட்டும் இந்த முறைக்குச் ‘செயல்முறை விளக்கவுரை’ என்று பெயர். சென்னை ரசிகர்கள் சுருக்கமாக ‘லெக்டெம்’ என்பார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் சென்னை மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. அங்கே டிசம்பர் விழாவின் காலைப்பொழுதுகளில் வித்துவான்களும் ஆய்வாளர்களும் கூடி இராகங்களையும் தாளங்களையும் விவாதிக்கும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. முக்கியமான மாலைக் கச்சேரிகளுக்குச் சீட்டு வாங்கவேண்டும். காலை அமர்வுக்குக் கட்டணம் இல்லை. மாணவர்களிடம் இதைக் கொண்டுபோன பெருமை கிரண் சேத் என்ற பேராசிரியரைச் சேரும். டில்லி ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய அவர் 1977இல் ‘ஸ்பிக் மேக்கே’ இயக்கத்தைத் தொடங்கினார். பெரிய கலைஞர்களைப் பள்ளி, கல்லூரிகளுக்கே அழைத்துவந்து, மாணவர்களிடம் காசு வாங்காமல் நிகழ்ச்சி நடத்துவதுதான் அதன் வேலை.

நம் பக்கத்திலும் இவற்றுக்குக் குறைவில்லை. சந்துபோங் மலையடிவாரத்தில் உள்ள சரவாக் கலாசாரக் கிராமத்தில் 1998இல் தொடங்கிய மழைக்காட்டு உலக இசைவிழாவுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. அதனால் இலவசக் கணக்கில் அது சேராது. இருந்தாலும் அதன் பிற்பகல் பட்டறைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெவ்வேறு நாட்டுத் தாளக் கலைஞர்களை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லும் ஏற்பாடு அங்கே உண்டு. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, தாளம் மட்டும் தெரியும். சிங்கப்பூரில் எஸ்பிளனேட் கலையரங்கு 2002இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலிருந்தே அது நடத்திவரும் ‘கலா உற்சவம்’ இந்தியக் கலைவிழாவில் கட்டணமில்லா நிகழ்ச்சிகளுக்கும் இடம் உண்டு. ஜொகூர் பாருவிலிருந்து பேருந்து ஏறினால் போய்விடலாம், எல்லையில் காத்திருக்கும் நேரம்தான் உண்மையான கட்டணம்! தலைநகரில் நுண்கலைக் கோயில் 1981இலிருந்தும், ரம்லி இப்ராகிமின் சூத்ரா 1983இலிருந்தும் இயங்கி வருகின்றன. ரம்லி இப்ராகிம் ஒரு மலாய்க்காரர். ஒடிசியையும் பரதத்தையும் இந்தியக் குருமார்களிடம் கற்று, 2018இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றவர். ‘இது நம் கலை’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும் நாம் அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, இலவசம் என்றால் யார் கொடுக்கும் பணம்? கலைஞரின் விமானச்சீட்டும் தங்குமிடமும் பெரும்பாலும் மாலை நிகழ்ச்சியின் செலவிலேயே அடங்கிவிடும். ஒரு காலைப்பொழுதுக்கு மண்டபம், ஒலிபெருக்கி, மதிய உணவு, இயன்ற சன்மானம் ஆகியவையே கூடுதல் செலவு. 1950இல் உருவான இந்தியக் கலாசார உறவுகள் மன்றம் கலைக்குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. கோலாலம்பூரில் அதன் மையம் 2015இல் நேதாஜியின் பெயரைப் பெற்றது. அதனால், தமிழகக் கலைஞரை அழைத்துவர ஆயிரக்கணக்கான ரிங்கிட் திரட்டவேண்டுமே என்று நம் மொழிக் கழகங்கள் மலைக்கத் தேவையில்லை. ஏற்கெனவே வந்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு வளாகத்துக்கு அழைத்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: வெளிநாட்டுக் கலைஞர் இங்கே மேடையேற ‘புஸ்பால்’ அமைப்பின் அனுமதி வேண்டும். ஏற்பாட்டாளர் அதைப் பெற்றிருக்கிறாரா, நம் நிகழ்ச்சியும் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறவேண்டும்.

இவ்வளவு தூரம் நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தபோது கலை என்பது எங்களுக்கு ஆண்டு விழாக் கோலாட்டம்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழே பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்பாகிவிட்டது. கலைக்கு எங்கே இடம்? நகரத்து நண்பர்கள் ஏழு வயதிலேயே நடன வகுப்புக்குப் போனார்கள். மாதக் கட்டணம், உடை, நகை, கடைசியில் அரங்கேற்றம், அதற்கு மண்டப வாடகை, பக்கவாத்தியம். தோட்டத்திலும் அடுக்குமாடி வீட்டிலும் வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அது கைகூடும்? இருபது வயதுக்குமேல், காசில்லாமல், ஒரு வித்துவானின் கைக்கெட்டும் தூரத்தில் அமரும் வாய்ப்பு நமக்குப் பல்கலைக்கழக ஆண்டுகளில்தான் கிடைக்கிறது. யாரும் வராத பட்டறையை ஏற்பாட்டாளர்கள் அடுத்த ஆண்டு நிரலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த வெற்று நாற்காலிகளால் நட்டம் வகுப்புக்குப் போனவர்களுக்கு இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வி நேரத்தில் தமிழில் கேளுங்கள். பல பட்டறைகளில் கலைஞர்கள் ஆங்கிலத்தில் தொடங்குகிறார்கள். மலேசிய மாணவர்களுக்கு அதுதான் வசதி என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருப்பார்கள்போலும். நான் சொன்ன மிருதங்கப் பட்டறையும் அப்படித்தான் தொடங்கியது. கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, ‘ஐயா, மிருதங்கத்தின் வலது பக்கம் கருப்பாக இருக்கிறதே, அது என்ன?’ என்று கேட்டார். கலைஞர் முகம் மலர்ந்துவிட்டது. ‘அதைச் சோறு என்போம், அம்மா. நாங்களும் சாப்பிட வேண்டும், அதுவும் சாப்பிட வேண்டும்’ என்று தமிழில் தொடங்கியவர், இடப்பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவதையும் செய்து காட்டிவிட்டு, பகல் ஒரு மணி ஆகியும் நிறுத்தவில்லை.